கடைசி வரிசைக்கு ஊற்றிய சர்பத்

தாழைமுனையில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டால், மாதா கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்து முடிவதற்குள் ஊரில் பாதிப் பேர் அந்த வீட்டு வாசலில் வந்து நின்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரிக்கிற சாக்கில், பட்டு எங்கே எடுத்தீர்கள் என்று விசாரிக்கிற சாக்கில், கடைசியாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்: "ரிசப்சனுக்கு டம்ளரா, பாட்டிலா?" வெளியூர்க்காரர்களின் காதுக்கு அது ஏதோ பந்தி ஏற்பாடு பற்றிய பேச்சு போலப் படும். ஊர்க்காரர்களுக்குத் தெரியும். டம்ளரில் ஊற்றி வைத்தால் கடலில் போனவர்கள் வந்து குடிப்பார்கள், மூடி போட்ட பாட்டில் வைத்தால் அவர்களால் குடிக்க முடியாது, விஷயம் அவ்வளவுதான்.

எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், உப்புத் தண்ணீரைக் குடித்துச் செத்தவனுக்குத் தாகம் எடுக்காதா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள், அதற்கு மேல் கேட்பவனைக் கொஞ்சம் மட்டமாகவும் பார்ப்பார்கள். கடலில் மாண்டவன் தன் பிள்ளையின் கலியாணத்துக்கு வருவான், கூடப் பிறந்தவர்களின் கலியாணத்துக்கு வருவான், வேறு எவர் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டான். அழைப்பிதழ் வைக்காமலே வருவான், வராமல் இருந்ததே கிடையாது. அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடந்து இருபது வருடம் முகம் பார்க்காமல் இருந்தவன்கூட, செத்த பிறகு தம்பி கலியாணத்துக்கு வந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனான். கண்ணால் கண்டவர் யாருமில்லை. கோவிலின் பங்கு மண்டபத்தில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நனையும், அதன் காலடியில் தண்ணீர் கட்டி நிற்கும், முன்னால் வைத்த டம்ளர் காலியாகும், காலியான டம்ளரின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அந்த உப்பைப் பொண்ணோ மாப்பிள்ளையோ விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டால் அப்பனோ அண்ணனோ ஆசீர்வாதம் பண்ணியாயிற்று என்று கணக்கு.

ஊர் இதற்கெல்லாம் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டு ரொம்ப காலம் ஆகிறது. கடைசி வரிசையில் குஷன் நாற்காலி போடக் கூடாது, பிளாஸ்டிக் நாற்காலிதான் என்று ஊர்க்கமிட்டி தீர்மானம் போட்டது. அந்த வரிசைக்கு மேலே இருக்கிற ஃபேனை ஓட விடுவதில்லை, நனைந்து வருகிறவர்களுக்குக் குளிரும். ஃபோட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை, திருப்பினால் ஆல்பத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும் என்றைக்கும் காயாது. புதிதாக வந்த சாமியார் ஒருவர் இதெல்லாம் அஞ்ஞானம் என்று மூன்று ஞாயிறு பிரசங்கம் வைத்தார், நாலாவது ஞாயிறு ஒரு கலியாணத்துக்குப் போனார், அதற்குப் பிறகு, மண்டபத் தரையைக் கலியாண வீட்டார்தான் துடைத்துக் கொடுக்க வேண்டும், கோவிலைக் கூட்டிப் பெருக்குகிற கோவில்பிள்ளை துடைக்க மாட்டார் என்று மட்டும் அறிவிப்பு கொடுத்தார். குடிக்கும்போது திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் சனம் முழுவதும் மேடையைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும், வீட்டு மனுஷி ஒருத்தி மட்டும் டம்ளரை வைத்துவிட்டு, தலையில் முக்காடு போட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்து பத்து அருள்நிறைந்த மரியே செபம் சொல்வாள். பத்து முடிவதற்குள் குடித்துவிடுவார்கள்.

பாட்டில் வந்தது பிற்பாடு. டவுனில் சம்பந்தம் செய்த ஒரு வீட்டார், மாப்பிள்ளைப் பக்கத்து ஆட்கள் பயப்படுவார்கள் என்று, எல்லா நாற்காலிக்கும் ஒரு மூடி போட்ட பாட்டில் வைத்துவிட்டார்கள். தண்ணீரில் ஊறின விரல், மூடியைத் திருகத் தெம்பு கிடையாது. மேடையில் கேக் வெட்டி, மாலை மாற்றி, பாட்டுப் பாடி முடிகிற வரைக்கும் கடைசி வரிசையில் பாட்டில் நெரிபடுகிற சத்தம், பிளாஸ்டிக் அமுங்கி நிமிர்கிற சத்தம், கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருத்தரும் எழுந்து போய்த் திறந்து கொடுக்கவும் இல்லை. எல்லாரும் போன பிறகு பார்த்தால் பாட்டில் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது, மூடியைச் சுற்றிப் பல் பட்ட தடம் இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் யாராவது பாட்டிலை நெரித்தால் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆனாலும் பாட்டில் வைக்கிற வீடுகள் உண்டு, அவரவர் வீட்டு நியாயம் அவரவர்க்கு என்று ஊர் விட்டுவிட்டது.

பிரகாசியின் மகள் அக்சிலியாவுக்கு ஓலை வாசித்தபோது, கேள்வி கேட்க வந்தவர்களின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. ஏனென்றால் பிரகாசியின் புருசன் தொபியாஸ் செத்தானா இருக்கிறானா என்பதே ஊருக்குத் தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முந்தின புயலில் அவனையும் சேர்த்து ஐந்து பேரோடு போன வள்ளத்தில் ஒரு பலகை மட்டும் கரைக்கு வந்தது, ஒருத்தர் உடம்பும் கிடைக்கவில்லை. மற்ற நாலு பேரும் இந்த ஒன்பது வருடத்தில் மகள் கலியாணம், தங்கை கலியாணம் என்று ஒவ்வொருவராக வந்து குடித்துவிட்டுப் போனார்கள். குடித்துப் போனவனின் பெயரை மறுநாள் காலைப் பூசையில் வாசித்து, துக்கமணி அடித்து, பங்கின் மரணப் புத்தகத்தில் எழுதுவார்கள், அதுவரை எழுத மாட்டார்கள். தொபியாஸுக்குக் கூடப் பிறந்தது ஒரே தங்கை, அவளும் கன்னியாஸ்திரியாகப் போய்விட்டாள். அவன் வருவதற்கு வீட்டில் ஒரு கலியாணமே நடக்கவில்லை, அக்சிலியாவுடையதுதான் முதல்.

இந்த ஒன்பது வருடமும் பிரகாசி தாலியைக் கழற்றவில்லை. நண்டுக் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று நண்டு உடைத்துவிட்டு வருகிறவள், விரலெல்லாம் கீறலோடு, கையில் சிவப்புக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூவும் வைத்துக்கொண்டு முன் வரிசையில் முழங்காலில் நிற்பாள். கல்லறைத் திருநாளில் கடலில் போனவர்களுக்காகக் கரை முழுக்க மெழுகுதிரி ஏற்றுவார்கள், அன்றைக்கு அவள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். கலியாணப் பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் அச்சகக்காரர் தொபியாஸ் பெயருக்கு முன்னால், செத்தவர்களுக்குப் போடுகிற சிலுவை போடணுமா என்று கேட்டதற்கு, "ஒங்க பேருக்கு முன்னால போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். சனம் சிரித்தது, ஆனால் அவள் இல்லாதபோது.

அவள் நம்பிக்கைக்கு ஒரு பிடி இருந்தது. ஊரில் சோடா கம்பெனி வைத்திருக்கிற எட்வின், தொபியாஸுக்குத் தம்பி மாதிரி வளர்ந்தவன், இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய மிஷின் ஒன்று வாங்கக் கேரளாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்குப் போயிருந்தான். திரும்பி வந்தவன் நேரே பிரகாசி வீட்டுக்கு வந்து, நின்றபடியே, "மயினி, அண்ணனைப் பாத்தேன், ஐஸ் கம்பெனி வாசல்ல, கூட..." என்று ஆரம்பித்து, அவள் முகம் போன போக்கைப் பார்த்து, இருமி, தண்ணீர் கேட்டுக் குடித்து, "அண்ணன் மாதிரி ஒரு ஆளைப் பாத்தேன்" என்று முடித்தான். பிரகாசி அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிபட்டு நினைவு தப்பி எங்கேயோ பெயர் தெரியாமல் கிடக்கிறார், ஒருநாள் நினைவு வரும் என்று அவளாகவே முடிவு செய்து, செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாருக்கு ஒருபொழுது இருக்கத் தொடங்கினாள்.

ஆகவே டம்ளரா பாட்டிலா என்ற கேள்வி அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. டம்ளர் வைத்து அவன் வந்துவிட்டால் அவன் செத்தவன். பாட்டில் வைத்தால் வந்தானா வரவில்லையா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை, இந்த ஒன்பது வருடம் எப்படி ஓடியதோ அப்படியே மிச்ச நாளும் ஓடும். அவள் பாட்டில் என்றாள். சத்தம் கேட்டால், நாற்காலி நனைந்தால் என்ன செய்வது என்று யோசித்து, கடைசி வரிசையையே எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள்.

எட்வினும் பாட்டிலே நல்லது என்றான். சர்பத் ஊற்றினால் வியாபாரம் அவனுக்குத்தான், பாட்டில் என்றால் எங்கேயோ இருக்கிற கம்பெனிக்குப் போகிறது, அப்படியிருந்தும் அவன் வந்து உட்கார்ந்து, "மயினி, நான் சொல்லுததைக் கேளுங்க, மூடி போட்டதையே வச்சிருவோம், நானே டவுன்ல போயி எடுத்துட்டு வாரேன்" என்று மூன்று தரம் சொன்னான். தன்னை விதவையாக்கிப் பார்க்க அவனுக்கு மனசில்லை என்று பிரகாசி நினைத்துக்கொண்டு அவனுக்கு ஒரு காப்பி கூடப் போட்டுக் கொடுத்தாள்.

அக்சிலியாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா போனபோது அவளுக்குப் பதினாலு வயது. "யம்மா, எல்லா வீட்டுப் பிள்ளையும் அப்பா உப்பைத் தொட்டு நாக்குல வச்சிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவுதாவ. நான் மட்டும் பாட்டிலைத் தூக்கிட்டுப் போவணுமா?"

"ஒங்கப்பா உயிரோட இருக்காவ. உயிரோட இருக்கிறவியளுக்கு எதுக்குட்டி உப்பு?"

"இருந்தா நல்லதுதான. வர மாட்டாவ, டம்ளர் நெறஞ்சிருக்கும், நீயும் ஊரைப் பாத்து நெஞ்சை நிமுத்திக்கிடலாம். வச்சுப் பாக்கதுக்கு ஏன் பயப்படுத?"

"பயம் ஒண்ணும் இல்ல."

"பயம்தான்."

இப்படியே பத்து நாள் போயிற்று. சோறு வைக்கும்போது சண்டை, புடவை மடிக்கும்போது சண்டை, கோவிலுக்கு நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு சண்டை. கடைசியில் ஒரு மத்தியானம், கம்பெனியிலிருந்து வந்த பிரகாசி அடுக்களையில் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்சிலியா சண்டை போடாமல், நிமிர்ந்து பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள்: "ஒருவேளை செத்திருந்தாவன்னா, ஒம்பது வருசமா அப்பாவுக்குத் தாகமா இருக்கும்லா யம்மா."

பிரகாசிக்கு வாயிலிருந்த தண்ணீர் இறங்கவில்லை. அவன் செத்திருக்கலாம் என்பதை அவள் நினைக்காமல் இல்லை, நினைத்து நினைத்து ஒதுக்கி வைத்திருந்தாள். தாகத்தோடு இருப்பான் என்பதை மட்டும் ஒரு தரம்கூட நினைக்கவில்லை. கடலிலிருந்து வந்தால் வள்ளத்தை விட்டு இறங்கினதும் முதல் வேலையாக எட்வின் கடையில் நின்று நன்னாரி சர்பத் வாங்கி, எலுமிச்சை கூடப் பிழியச் சொல்லி, மூச்சு விடாமல் குடிக்கிற மனுசன். அவன் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, மூடியைத் திருக முடியாமல் பல்லை வைத்துக் கடிப்பதை அவள் காதால் கேட்டாள், அங்கேயே, அடுக்களையில், பட்டப்பகலில். செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்து, "டம்ளரே வைக்கலாம்" என்றாள். எட்வினுக்குச் சொல்லி அனுப்பினாள், நன்னாரி, எலுமிச்சை கூட.

கலியாணப் பூசை காலையில் நடந்தது. வரவேற்பு மாலை நாலு மணிக்குப் பங்கு மண்டபத்தில். வெளியே வெயில் சாயவில்லை, உள்ளே நானூறு பேர், மேடையில் அக்சிலியாவும் மாப்பிள்ளை ஆன்றனும் பிளாஸ்டிக் ரோஜா வளைவுக்குக் கீழே நின்றார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரமாக, எட்வின் மேஜை போட்டு நன்னாரிப் பாத்திரமும் எலுமிச்சை சோடாவும் வைத்திருந்தான், சர்க்கரை கேட்பவர்களுக்குச் சர்க்கரை, உப்பு சோடா கேட்பவர்களுக்கு ஒரு டப்பாவில் உப்பு. எல்லார் கையிலும் டம்ளர் போய்ச் சேர்ந்த பிறகு உபதேசியார் மைக்கில், "வீட்டார் செய்ய வேண்டியதைச் செய்யலாம்" என்றார். நானூறு பேரும் பேச்சை நிறுத்தாமலே முகத்தை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

பிரகாசி தன் கையால் ஒரு டம்ளரில் சர்பத்தை ஊற்றி, வழிகிற அளவுக்கு நிறைத்து, கடைசி வரிசையின் நடு நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். பத்து அருள்நிறைந்த மரியே சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள், கேட்கக் கூடாது என்று வேண்டினாள், கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்தாள், இவ்வளவு நாள் காக்க வச்சிட்டேன், மன்னிச்சிருங்க என்று சொல்ல வேண்டும். பத்து முடிந்ததும் கண்ணைத் திறந்தாள். டம்ளர் நிறைந்திருந்தது. நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது.

அப்பாடா என்று முதலில் அவள் உடம்பெல்லாம் தளர்ந்தது உண்மை. இருக்கிறார், இருக்கிறார் என்று வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிக்கொண்டாள். அவசரப்படக் கூடாது, தூரத்திலிருந்து வரவேண்டியிருக்கும் என்று இன்னொரு பத்து சொன்னாள். அப்புறம் இன்னொன்று. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடித்தபோதும் டம்ளர் வழிகிற அளவிலேயே நின்றது, மேலே ஒரு எறும்பு மட்டும் மிதந்தது. மண்டபத்தில் பேச்சு குறைந்திருந்தது. எந்த வீட்டிலும் பத்து செபத்தைத் தாண்டியதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். திரும்பிப் பார்க்காத நானூறு முதுகும் காதாக இருந்தது.

அப்போதுதான் சந்தோஷம் அவளுக்குள்ளேயே திரும்பி நின்று அவளைப் பார்த்தது. செத்தவர்கள் வராமல் இருந்ததில்லை, ஆகவே செத்தவனில்லை. செத்தவனில்லை என்றால் ஒன்பது வருடம் எங்கே இருந்தான்? கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே திரும்பி எட்வின் முகத்தைப் பார்த்தாள். அவன் ஒருத்தன்தான் மேடையைப் பார்க்காமல், மேஜையையும் பார்க்காமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், தப்புச் செய்துவிட்டவன் முகம். அன்றைக்கு "கூட..." என்று ஆரம்பித்து அவன் விழுங்கினது ஒரு பொம்பளையையும் அவள் இடுப்பில் இருந்த பிள்ளையையும்தான் என்பதை யாரும் சொல்லாமலே அவள் தெரிந்துகொண்டாள். மூடி போட்டதையே வைக்கச் சொல்லி அவன் கெஞ்சினதும் இதற்குத்தான். ஒருவேளை நாலு பேரையும் தண்ணீரில் விட்டுவிட்டுத் தான் மட்டும் பிழைத்த முகத்தை இந்த ஊருக்குக் காட்ட வெட்கப்பட்டுப் போனானோ என்று அவள் மனசு அப்போதும் அவனுக்காக ஒரு நியாயம் தேடியது, தேடின வேகத்திலேயே அதன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருடம் அவன் உயிருக்காக முழங்கால் தேய்ந்தாள், இரண்டு வருடம் ஒருபொழுது இருந்தாள், கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது.

மேடையில் அக்சிலியா இவள் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. ஆனால் கழுத்து விறைத்திருந்தது. உயிரோடிருந்தால் நல்லதுதானே என்று வாய்க்குச் சொன்னாளே தவிர, அந்தப் பிள்ளை எதற்காக டம்ளர் கேட்டது என்று பெற்றவளுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் போனால் அவளும் கணக்குப் போட்டுவிடுவாள், அம்மா போட்ட அதே கணக்கு, இருக்கிறான், நான் இருக்கிறேன் என்று தெரிந்தும் வரவில்லை. புருசன் வீட்டுக்கு அந்தக் கணக்கைத்தான் கொண்டு போவாள். பிரகாசி அதற்கு இடம் கொடுப்பதாக இல்லை. உயிரோடிருந்து மகளை மறந்த அப்பனை அவள் ஒருத்தி தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், பிள்ளைக்குச் செத்தும் வந்த அப்பன் ஒருத்தன் வேண்டும்.

கேக் வெட்டச் சொல்லி பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. பிரகாசி முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்து, டம்ளரை எடுத்து, எறும்போடு சேர்த்து மூச்சு விடாமல் குடித்தாள். கடைசி வரிசை டம்ளரை உயிரோடு இருக்கிறவர்கள் தொடக் கூடாது. தொட்டவரும் இதுவரை இல்லை. தாங்க முடியாத இனிப்பு. எழுந்து மேஜைப் பக்கம் போனாள். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றாள். எட்வின் உப்பு டப்பாவை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர்க் கூஜாவின் மூடியையும் திறந்து வைத்துவிட்டு, மேடைப் பக்கம் திரும்பி நின்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினான்.

அந்தக் கைதட்டல் ஓயும்போது நாற்காலி நனைந்திருந்தது, காலடியில் தண்ணீர் கட்டியிருந்தது, டம்ளரின் அடியில் வெள்ளையாக உப்பு இருந்தது. பிரகாசி முக்காட்டை எடுத்துவிட்டு, "வந்தாவ" என்றாள். மைக் தேவைப்படவில்லை.

அக்சிலியா மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். ஓடக் கூடாது, பட்டு தடுக்கும் என்று யாரோ கத்தினார்கள். வந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு விரல் போதும் என்பதை மறந்து, நாலு விரலையும் உள்ளே விட்டு வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். "யம்மா, கரிக்கி" என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், ஈர நாற்காலியின் கைப்பிடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, பதினாலு வயதில் அழாத அழுகையெல்லாம் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு ஃபோட்டோவுக்கு நிற்கப் போனாள். அவள் முகம் அவ்வளவு தெளிந்து பிரகாசி பார்த்ததில்லை. மண்டபத் தரையை அன்றைக்குப் பிரகாசியே துடைத்தாள்.

மறுநாள் காலைப் பூசைக்கு அவள் தாலி இல்லாமல் போனாள். விடிந்ததும் அவளே கழற்றி, சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, வளையலையும் ஒவ்வொன்றாக உருவினாள், உடைக்கவில்லை. தொபியாஸ் என்று சாமியார் பெயர் வாசித்தார். நித்திய இளைப்பாற்றி என்று சனம் சொன்னபோது அவளும் சொன்னாள். மணி அடிக்கத் தொடங்கியது, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு அடியாக. இந்நேரம் எந்தத் துறையிலோ, எவள் கையாலோ சாயா வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிற மனுசனுக்காக ஊரே எழுந்து நின்றது. சாகட்டும் என்று நினைத்துப் பார்த்தாள், மனசு அதற்கு ஒப்பவில்லை. இருக்கட்டும் என்று நினைத்தாள், அதற்கும் ஒப்பவில்லை.

பூசை முடிந்தால் தாழைமுனையில் துக்கம் விசாரிப்பது கிடையாது. கோவில் வாசலில் வரிசையாக வந்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்து, "நல்லாக் குடிச்சாவளா?" என்று கேட்பார்கள், "நல்லாக் குடிச்சாவ" என்று அவள் சொல்ல வேண்டும். பிரகாசி ஒவ்வொருவருக்கும் சொன்னாள். நண்டுக் கம்பெனிப் பெண்களுக்குச் சொன்னாள், உபதேசியாருக்குச் சொன்னாள், ஆன்றனின் அம்மாவுக்குச் சொன்னாள். சிலர் கேட்டுவிட்டு உடனே நகராமல் அவள் கண்ணை ஒரு நொடி கூடப் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று மணிச் செபம் எல்லார் மனசிலும் இருந்தது. "அவ்வளவு நேரம் ஆயிட்டே" என்று பின்னால் ஒருத்தி யாரிடமோ மெல்லச் சொன்னாள்.

எட்வின் கடைசியாக வந்தான். அவன் கேள்வி கேட்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "நல்லாக் குடிச்சாவ" என்று அவனே சொன்னான். "நான் பாத்தேன்."

பார்க்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உபதேசியார் முகம் சுளித்தார், ஒரு கிழவர் எட்வினை நேரடியாகவே திட்டினார், அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். ஆனால் பார்த்தேன் என்று ஒருத்தன் சொல்லிவிட்ட பிறகு அப்புறம் பேச என்ன இருக்கிறது, பின்னால் நின்று குசுகுசுத்தவளும் சிலுவை போட்டுக்கொண்டாள். அக்சிலியாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"பாத்தியளா சித்தப்பா? அப்பா எப்பிடி இருந்தாவ?"

எட்வின் பிரகாசியைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். இரண்டு வருடமாக, வாசல் வரை வந்து நின்ற சேதியை ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பி அனுப்பியவள், அந்தக் கோவில் வாசலில், துக்கமணியின் கடைசி அடி இன்னும் காதில் இருக்கும்போது, தன் வாயிலிருந்து வேறு ஒன்று வருவதைக் கேட்டாள்.

"மெலிஞ்சிருந்தாவளா, எட்வின்?"

"இல்ல மயினி," என்றான் அவன். "நல்லாத்தான் இருந்தாவ. தலைதான் நரைச்சுப் போச்சு."

பிரகாசி கோவில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருடமாக ஊர் அவளிடம் எதிர்பார்த்த அழுகை அப்போது வந்தது, நெஞ்சில் அடித்துக்கொண்டு, தலைமுடி அவிழ, யார் பிடித்தும் அடங்காமல். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார்கள், இனி அவளுக்கு மனசு ஆறிவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.